கருப்பர் கோயிலுக்குள் என் டி.சி.

காலேஜில் சேரப்போகிறவளுக்கு எத்தனை சந்தேகம் இருக்கும்? எனக்கு இருபத்துமூன்று இருந்தது. ஃபோனில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எத்தனை செட் கொண்டுபோக வேண்டும்? துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் பின் குத்தாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடுவாரா? மிஸ்ஸை மிஸ் என்றே கூப்பிடலாமா? பாத்ரூம் எங்கே இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு முதல் நாளே இங்கிலீஷில் நடத்தினால் என்ன செய்வது?

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் அருணா அக்கா இருக்கிறாள். நான் சேரப்போகிற அதே புதுக்கோட்டைக் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் வாசலில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டாலே அவளுக்குக் கேட்கும். ஆனால் கூப்பிடக் கூடாது. ஆறு வருஷமாக அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஓர் ஆட்டுத் தலை. நீங்கள் சிரிக்கலாம். அந்த ஆடு என் பேரில் நேர்ந்துகொண்டதாக இல்லாமல் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆறாம் வகுப்பில் எனக்கு டெங்கு வந்து பிழைத்தேன். அதற்காக அப்பா எங்கள் குலசாமி வேப்படிக் கருப்பருக்குக் கிடாய் வெட்டினார். எங்கள் பங்காளிகளுக்குள் வெட்டுகிற கிடாய் யாருடையதாக இருந்தாலும் தலை மூத்த வீட்டுக்குத்தான் போகும். மூத்த வீடு என்பது அருணா அக்காவின் அப்பா, பெரியகருப்பன் பெரியப்பா. என் அப்பா அய்யப்பனும் அவரும் சித்தப்பன் பெரியப்பன் மக்கள். அந்த ஒரு தடவை மட்டும் தலையை என் பிள்ளைக்கு சூப்பு வைத்துக் கொடுக்கக் கேட்கிறேன் என்றார் அப்பா. முறை முறைதான் என்றார் பெரியப்பா. பேச்சு வளர்ந்து, கடைசியில் அந்தத் தலையை யாருமே தின்னவில்லை, நாய் தூக்கிக்கொண்டு போனது. "இனி ஒன் வாசப்படிய மிதிச்சா நான் அய்யப்பன் இல்ல" என்று அப்பா கருப்பர் முன்னாலேயே சத்தியம் செய்தார். "நானும் ஒன்கூடப் பேசினா பெரியகருப்பன் இல்ல" என்றார் பெரியப்பா. மறுவாரமே கோயில் கதவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. ஒரு சாவி எங்கள் வீட்டில், ஒரு சாவி அவர்கள் வீட்டில். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு ஆம்பிளைகளுக்காகக் கருப்பர் ஆறு வருஷமாக இரண்டு பூட்டுக்குள் இருக்கிறார்.

போன ஆனி மாதம் எனக்கு இரண்டாம் கலந்தாய்வில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மெசேஜ் வந்தது. எனக்கு அடுத்து அறுபது பேர் காத்திருந்தார்கள். இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் என்றால் வேறு அர்த்தம். விராலிமலையில் இருக்கிற என் தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்டு ஏற்கெனவே ஒரு தடவை வந்து போய்விட்டார்கள். "படிக்கப்போகுதுன்னு சொன்னீங்க, சரி. படிக்கலேன்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் குடித்தார்கள்.

அதனால் வியாழக்கிழமை பௌர்ணமி பூசைக்கு அப்பா என் சான்றிதழ் ஃபைலைக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்துக் கருப்பர் காலடியில் வைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, புது வண்டிச் சாவி, துபாய் விசா, எல்லாமே கருப்பர் காலைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். பூசை முடிந்ததும் எடுத்து வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அவ்வளவு வேலையை என் அப்பாவால் செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பையை எடுத்துப் பார்த்தேன். போட்டோ இருந்தது, ஆதார் இருந்தது, பத்து செட் ஜெராக்ஸ் இருந்தது. ஃபைல் இல்லை.

"அம்மா, ஃபைல் எங்க?"

"ஒங்கப்பா வச்சிருப்பாரு" என்றாள் என் அம்மா அமுதவல்லி.

"அப்பா, ஃபைல் எங்க?"

"ஒங்கம்மாகிட்ட குடுத்தேனே."

"எங்கிட்டயா? நேத்து வரும்போது கையில சாவியத் தவிர என்ன இருந்துச்சு ஒங்களுக்கு? உர்ருன்னு வந்து படுத்தீங்க" என்றாள் அம்மா.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அப்பா வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. பூசை முடிந்து திருநீறு கொடுக்கும்போது பெரியப்பா கோயில் தூணைப் பார்த்துப் பேசியிருக்கிறார். "எங்க வீட்டுப் பிள்ளை ஃபைலும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. அது பாட்டுக்கு ரெண்டாவது வருசம் படிக்குது. என்ன தூணே?" என்றாராம். பூசாரி பிச்சை சிரித்திருக்கிறார். அப்பாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பூட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. "பூட்டிட்டுச் சாவியக் குடுத்துவிடு" என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு விருட்டென்று கிளம்பிப் பாதி வழியில் நின்றிருக்கிறார். பூசாரி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஃபைல் உள்ளேயே இருந்துவிட்டது.

"பூட்டை ஒடைங்க" என்றேன்.

"ஏத்தா, கருப்பர் கோயில் பூட்டையா?" அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பள்ளிக்கூடத்துல வேற டி.சி. வாங்கித் தாங்க."

அதற்கு முதலில் தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கருப்பர் வைத்திருக்கிறார் என்றா எழுதிக் கொடுப்பது? அதெல்லாம் வாரக்கணக்கில் ஆகிற காரியம். எனக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. பூசாரி பிச்சையும் விடியற்காலை பஸ்ஸுக்கே ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். பூசாரி இல்லாத நேரத்தில் கருவறைக்குள் மூத்த வீட்டு ஆள் மட்டும்தான் போகலாம். ஆகமொத்தம் பெரியப்பாவின் சாவியும் வேண்டும், பெரியப்பாவும் வேண்டும்.

"போய்க் கேளுங்கப்பா."

"அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

நான் போனேன். ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டு வாசலில் நின்றேன். பெரியப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்ணாடியில்தான் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். ரேசரை டம்ளரில் கழுவினார்.

"ஒங்கப்பன் வந்து கேக்கட்டும்."

"பெரியப்பா, பதினோரு மணிக்குள்ள..."

"எட்டுகூட ஆகல. நாலு எட்டு வச்சா வந்துரும் தூரந்தான. வரட்டும்."

உள்ளேயிருந்து அருணா அக்கா எட்டிப் பார்த்தாள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், பாதித் தலை பின்னியிருந்தது. "அப்பா, அது டி.சி.ப்பா. வெளையாடாதீங்க" என்றாள். "நீ சடையப் பின்னு" என்றார் பெரியப்பா.

நான் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னேன். அப்பா, "அவன் வேணும்னே பண்றான், பாத்தியா" என்றார். "பண்ணட்டும், போங்க" என்றேன். "சத்தியம்" என்றார். நான் மறுபடி எதிர் வீட்டுக்குப் போய், சத்தியத்தால் வர முடியாதாம் என்றேன். "நானும்தான் சத்தியம் பண்ணியிருக்கேன். நான் மட்டும் விட்டுக் குடுக்கணுமாக்கும்" என்றார் பெரியப்பா. அதைத் திரும்ப இங்கே வந்து சொன்னேன். எட்டேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போன சத்தம் கேட்டது. புதுக்கோட்டைக்கு அடுத்த பஸ் பத்தே முக்காலுக்கு.

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே பேர். இரண்டு வீட்டுக்கும் நடுவில், தெருவில், புதுச் சுடிதாரோடு மண்ணில் உட்கார்ந்தேன்.

"நான் காலேஜுக்குப் போகல!" என்று கத்தினேன். "டி.சி. கருப்பர்கிட்டதான இருக்கு? அவரே போயி பி.எஸ்ஸி. படிக்கட்டும்! நான் விராலிமலைக்குப் போயி மாமா வீட்டுல சட்டி கழுவுறேன். கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்து தலைக்கறி தின்னுட்டுப் போங்க!"

குழாயடியில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கத்திய பிறகு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன். எனக்கு அந்தக் காலேஜ் வேண்டும். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் வேண்டும்.

அப்பா வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் அதை இறக்கிவிட்டார். என்னைத் தாண்டிப் போனார். எதிர் வீட்டு வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். அதற்கு மேல் போகவில்லை. காலைப் பார்த்துப் பார்த்து அளந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ஏத்தா மோகனப்ரியா" என்றார் அப்பா. அவர் பார்த்தது எதிர் வீட்டுக் கதவை. "ஒம் பெரியப்பாகிட்டச் சொல்லு. நான் வந்துட்டேன்னு."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒரு காதருகில் நுரை அப்படியே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அவரும் என்னைப் பார்த்தே பேசினார்.

"ஒங்கப்பன்கிட்டக் கேளு. என்ன வேணுமாம்?"

"சாவி வேணும்னு சொல்லு."

"சாவி மட்டும் போதுமான்னு கேளு."

"அவரும் வரணும்னு சொல்லு. மூத்த வீட்டு ஆளு போயித்தான் எடுக்கணும். முறை முறைதான்னு சொல்லு."

இதை அப்பா குத்தலாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பா மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். சட்டையை மாட்டினார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "பிள்ளைய மொதல்ல மண்ணுலேருந்து எந்திரிக்கச் சொல்லு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கோயிலில் அப்பா ஒரு பூட்டைத் திறந்தார், பெரியப்பா மற்றதைத் திறந்தார். பெரியப்பா மட்டும் உள்ளே போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அப்பாவும் நின்றோம். எலி கடித்திருக்குமோ, விளக்கெண்ணெய் கொட்டியிருக்குமோ என்று எனக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. பெரியப்பா ஃபைலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேலே கொஞ்சம் திருநீறு, இரண்டு அரளிப் பூ. திறந்து பார்த்தேன். டி.சி. முழுசாக இருந்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மூச்சு வந்தது எனக்கு.

ஆனால் மணி ஒன்பதே கால், பஸ் இல்லை. அப்பாவின் மொபெட்டில் புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் அதை இரண்டு தடவை தள்ள வேண்டியிருக்கும்.

"எங்க லோடு வண்டி நிக்கிதுல்ல" என்றாள் அருணா அக்கா. எங்கள் பின்னாலேயே வந்திருந்தாள். "எனக்கும் பஸ்ஸு போயிருச்சு. அப்பா எப்படியும் பலாப்பழம் எறக்க டவுனுக்குப் போறாரு. வா."

அந்தக் குட்டி லோடு வண்டியின் முன்பக்கம் ஓட்டுகிறவரையும் சேர்த்து இரண்டு பேர் உட்காரலாம். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். வலது பக்கம் பெரியப்பா, இடது பக்கம் அப்பா, நடுவில் நான், மடியில் ஃபைல். அருணா அக்கா பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். என் தலைக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

ஊர் எல்லை கடந்ததும் அவள் மெதுவாக, "என்னடி, ஏதாவது கேக்கணுமா காலேஜப் பத்தி?" என்றாள்.

நான் ஃபோனை எடுத்தேன்.

"துப்பட்டாவுக்குப் பின்னு குத்தலேன்னா வாட்ச்மேன் உள்ள விட மாட்டாராமே?"

"அவருக்கு அதான் வேலையா? ஐ.டி. கார்டு வாரவரைக்கும் ஃபீஸ் ரசீதக் காட்டு, போதும். அதத் தொலைச்சுறாத."

"மிஸ்ஸ என்னன்னு கூப்புடணும்?"

"மேம். பழக்கதோசத்துல மிஸ்ஸுன்னு வந்துரும். ரெண்டு நாளு சிரிப்பாங்க. மூணாவது நாளு வேற எவளாவது உளறுவா, ஒன்னைய மறந்துருவாங்க."

"ஒங்கப்பன்கிட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா வலது பக்கத்திலிருந்து. "அந்தப் பக்கக் கதவு சரியாச் சாத்தாது. கையில புடிச்சுக்கச் சொல்லு."

"புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு" என்றார் அப்பா.

"பாத்ரூமு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன்.

"ஒங்க டிபார்ட்மெண்டுக்குக் கீழ இருக்கதுக்குப் போகாத. லைப்ரரிக்குப் பின்னால ஒண்ணு இருக்கு, தண்ணி வரும், தாழ்ப்பா இருக்கு. அந்த நாள்ல ஏதாவதுன்னா எங்கிட்ட வா, பையில எப்பயும் வச்சிருப்பேன்."

"எல்லாம் இங்கிலீஷ்லயா நடத்துவாங்க?"

"ஆமா. மொத மாசம் ஒண்ணும் புரியாது. பக்கத்துல இருக்கவளுக்கும் புரியாது. அவ புரிஞ்ச மாதிரி தலையாட்டுவா, அதப் பாத்துப் பயந்துறாத. நானும் அப்படித்தான் ஆட்டிக்கிட்டுக் கெடந்தேன். புரியலேன்னு எந்திரிச்சுச் சொல்லு, தமிழ்ல சொல்லிக் குடுப்பாங்க."

"மதியம் யாரோட சாப்புடுறது?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "போன வருசம் நான் ஒரு மாசம் தனியாத்தான் சாப்புட்டேன்" என்றாள். "ஒனக்கு அது வேணாம். வேப்பமரத்துக்கிட்ட வந்துரு, சேந்து சாப்புடுவோம்."

எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. ஆறு வருஷம் தெருவில் குனிந்துகொண்டு தாண்டிப் போயிருக்கிறேன் இவளை. ஒரு ஆட்டுத் தலைக்காக.

அரிமளம் தாண்டியதும் பெரியப்பா தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை "ஒங்கப்பன்கிட்டச் சொல்லு" என்று ஆரம்பிக்கவில்லை.

"ஆத்தா, ஒண்ணு சொல்றேன். நேத்துப் பூட்டும்போது ஃபைலு உள்ள இருந்ததப் பாத்தேன். பிச்சைகூடக் கேட்டான், கூப்புட்டுச் சொல்லவான்னு. நான்தான் வேணாம்னேன். வேணும்னா அவனே வந்து எங்கிட்டக் கேக்கட்டும்னு நெனச்சேன். இன்னைக்கே கடைசி நாளுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. காலையில நீ வந்து சொன்ன பெறகும் வீம்பு பண்ணினேன் பாரு, அதுதான் தப்பு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார்! வண்டியிலிருந்து இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பின்னால் ஜன்னலில் அருணா அக்கா, "அப்பா!" என்றாள், அதட்டுகிற மாதிரி. பெரியப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காதருகில் காய்ந்துபோன நுரை இன்னும் ஒட்டியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது வெடிக்கப்போகிறார், வண்டி நடுரோட்டில் நிற்கப்போகிறது, பதினோரு மணி போய்விடப்போகிறது என்று நினைத்தேன்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ஒரு கிலோமீட்டர் போயிருக்கும்.

"ஒம் பெரியப்பாகிட்டச் சொல்லு" என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு."

பெரியப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினார். இரண்டு பேர் தோளும் என் இரண்டு தோளிலும் இடித்துக்கொண்டே வந்தன.

பத்து முப்பத்தைந்துக்குக் காலேஜ் வாசல். வண்டியை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் ஆபீஸ் கட்டடத்தை ஒட்டிய வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பெரியப்பா அங்கேயே இறங்கி நின்றார். "நான் எதுக்கு? நீங்க போங்க" என்றார். வாட்ச்மேன் என் துப்பட்டாவைப் பார்க்கவேயில்லை. அருணா அக்கா வகுப்புக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள், அப்பா பின்னாலேயே வந்தார். எந்த வரிசை, எந்த ஜன்னல், எங்கே கையெழுத்து, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் இல்லையென்றால் அன்றைக்கு நான் தப்பான வரிசையில் நின்றே பதினோரு மணியைத் தாண்டியிருப்பேன்.

சேர்க்கை மேசையில் அருள்தாஸ் என்று ஒரு சார் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டி.சி.யைப் பார்த்தார், மார்க் ஷீட்டைப் பார்த்தார், டி.சி.யில் ஒட்டியிருந்த திருநீற்றைத் தட்டிவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"ஜாயின் பண்ணியாச்சும்மா. திங்கக்கெழம க்ளாஸு."

அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். அப்படியே அருணா அக்கா மேல் சாய்ந்துகொண்டேன். அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்று மூன்று தடவை சொன்னார்.

"இருங்க, ஒண்ணு பாக்கி. அவசரத்துக்கு இன்னொரு ஃபோன் நம்பர் வேணும்" என்றார் அருள்தாஸ் சார். "அப்பா நம்பர் கெடைக்கலேன்னா யாரக் கூப்புடுறது? சொந்தக்காரரா இருக்கணும், கூப்புட்டா ஒடனே வரக்கூடிய ஆளா இருக்கணும். சும்மா ஏதாவது நம்பரக் குடுத்துறாதீங்க. போன வருசம் ஒரு பிள்ளை மயக்கம் போட்டு விழுந்துருச்சு. குடுத்திருந்த நம்பரக் கூப்புட்டா ராங் நம்பரு. அதுலேருந்து நான் இப்பவே அடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறது."

நான் அம்மா நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஃபோன் ஒரு மாதமாக ரிப்பேர். மாமா நம்பர் இருந்தது. ஆனால் மாமா விராலிமலையில்.

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். "எழுதிக்கங்க சார். தொண்ணூத்தெட்டு, நாப்பத்திரெண்டு..." பத்து நம்பரும் நிற்காமல் வந்தது. சட்டைப் பையிலிருந்த ஃபோனைத் தொடவேயில்லை. என் அப்பாவுக்குத் தன் நம்பரே தெரியாது, ரீசார்ஜ் கடையில் என்னைத்தான் கேட்பார். யார் நம்பரை இப்படி மனப்பாடமாகச் சொல்கிறார் என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அருணா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்கப்பா நம்பருடி" என்றாள்.

"பேரு?" என்றார் அருள்தாஸ் சார்.

"பெரியகருப்பன்."

"மாணவிக்கு என்ன உறவு?"

"பெரியப்பா" என்றார் அப்பா. "என் அண்ணன்."

சார் ஆபீஸ் ஃபோனை எடுத்து நம்பரை அடித்தார். ஜன்னலுக்கு வெளியே, பலாப்பழ வண்டிப் பக்கம் ஒரு ஃபோன் அடித்தது. பெரியப்பா சட்டைப் பையைத் தடவி எடுத்து, தெரியாத நம்பர் என்பதால் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, காதில் வைத்தார்.

"நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. அவசரத்துக்கு ஒங்க நம்பரக் குடுத்திருக்கோம்னு" என்று சார் ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதை வாங்கினார். வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். இதை நான் சொல்ல முடியாது, நான் நடுவில் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது.

"ஹலோ, யாருங்க?" என்று பெரியப்பா கேட்பது ரிசீவரிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நான்தாண்ணே" என்றார். "அய்யப்பன். பிள்ளைக்கு எடம் கெடச்சிருச்சுண்ணே."

வெளியே பெரியப்பா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். பிறகு மறுபடி காதில் வைத்தார். இன்னொரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா மட்டும் "சரிண்ணே... இல்லண்ணே... அதெல்லாம் விடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. அருணா அக்காவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு நின்றோம்.

"சார், அது ஆபீஸ் ஃபோனு. அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்று அருள்தாஸ் சார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்பா வைக்கவில்லை.